நிழலில் நிறுத்தி போர்ட்ரெய்ட் எடுக்கும்போது லென்ஸ் ஹுட் (லென்ஸின் முனையில் மாட்டும் வெளிச்ச மறைப்பு) தேவையா?

கண்டிப்பாக மாட்டுங்கள். ஆள் நிழலில் நின்றாலும், ஃப்ரேமுக்கு வெளியே இருக்கும் சூரியனின் வெளிச்சம் சாய்வாக வந்து லென்ஸில் விழலாம். அது உள்ளே சிதறினால் கறுப்பு முடிகூடச் சாம்பலாக வெளுத்துத் தெரியும். ஹுட் கையில் இல்லையா? லென்ஸின் முன்கண்ணாடி மேல் நிழல் விழும்படி உள்ளங்கையைப் பிடியுங்கள், போதும். சூரியனே ஃப்ரேமுக்குள் இருந்தால் மட்டும் ஹுட் உதவாது.

அப்புறம், எல்லா நிழலும் ஒன்றல்ல. இலை இடுக்கில் வெயில் ஒழுகும் இடம் வேண்டவே வேண்டாம். கன்னமெல்லாம் திட்டுத்திட்டாக இருக்கும். கட்டட நிழல்தான் என் முதல் தேர்வு. நிழலின் ஓரத்துக்குச் சற்று உள்ளே ஆளை நிறுத்தி, முகத்தை வெளிச்சப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். கண்ணில் அழகான ஒளிப்பொட்டு வரும். தோல் நீலம் பாய்ந்து தெரிந்தால் கேமராவில் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 'ஷேட்' (நிழல்) என்று மாற்றுங்கள்.