தபால் கப்பல்: கேள்வியும் பதிலும்

19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அரசு தூரத்துக் காலனிகளுக்குக் கடிதம் கொண்டுபோக நீராவிக் கப்பல் கம்பெனிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

தபால் மூட்டைக்கு இத்தனை என்று எடை போட்டுக் கூலி கொடுத்தார்களா? (நாகப்பட்டினம் வாசகர்)

பெரிய ஒப்பந்தங்களில் அப்படி இல்லை. ஆண்டுக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை பேசிவிடுவார்கள். கப்பலில் பத்து மூட்டை ஏறினாலும் நூறு ஏறினாலும் அதே பணம்தான். 1837இல் பெனின்சுலர் கம்பெனி ஸ்பெயின், போர்ச்சுகல் கரைகளைத் தொட்டு ஜிப்ரால்டர் வரை வாரம் ஒருமுறை போய்வர ஆண்டுக்கு 29,600 பவுண்டு பேசியது. பின்னால் பி அண்ட் ஓ ஆனது இந்தக் கம்பெனிதான். 1839இல் சாமுவேல் கியூனார்டு லிவர்பூலிலிருந்து ஹாலிஃபாக்சுக்கும் பாஸ்டனுக்கும் போக 55,000 பவுண்டுக்கு ஒப்புக்கொண்டார். கப்பல் எண்ணிக்கை கூடியதும் அது 60,000 ஆனது.

அரசு விலை கொடுத்தது நேரத்துக்கு. இந்தத் தேதியில் புறப்பட வேண்டும், இன்னின்ன துறையில் இத்தனை மணி நேரம்தான் நிற்கலாம், இத்தனை நாளில் போய்ச் சேர வேண்டும் என்று அட்டவணை போட்டு, தவறினால் அபராதம் என்று எழுதிக்கொள்வார்கள். எந்திரத்தின் குதிரைத்திறன் எவ்வளவுக்குக் குறையக் கூடாது என்பதும் அதில் இருக்கும்.

1837 முதல் 1860 வரை இவற்றைப் பேசி முடித்தது தபால் துறை அல்ல, கடற்படை அமைச்சு. போர் வந்தால் பீரங்கி ஏற்றிக்கொள்ளும் அளவுக்கு உறுதியான கப்பல்கள் கையில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. தபாலுக்குக் காவலாக ஒரு கடற்படை அதிகாரியும் கூடவே போவார். அவருக்கு நல்ல அறை கொடுக்க வேண்டும், தபாலோடு கரைக்குப் போக நாலு துடுப்புக்குக் குறையாத படகு தயாராக இருக்க வேண்டும் என்பது வரை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள்.

1840களில் லண்டன் கடிதம் சென்னைக்கு எப்படி வந்தது? (காரைக்குடி வாசகர்)

சவுத்தாம்ப்டனில் ஏறிய பெட்டி ஜிப்ரால்டர், மால்ட்டா வழியாக அலெக்சாந்திரியாவில் இறங்கும். அங்கிருந்து மஹ்மூதியா கால்வாயில் படகு, பிறகு நைல் நதியில் சிறு நீராவிக் கப்பல், கெய்ரோ. கெய்ரோவிலிருந்து சூயஸ் வரை ஏறத்தாழ 84 மைல் பாலைவனம். பயணிகளை இரண்டு சக்கர வண்டியில் ஏற்றி, வழியில் நிலையத்துக்கு நிலையம் குதிரையும் கோவேறு கழுதையும் மாற்றி ஓட்டுவார்கள். தபால் பெட்டியும் சாமானும் ஒட்டக முதுகில் போகும். அதனால் பெட்டிகளை ஒட்டகத்தின் இரு பக்கமும் சமமாகத் தொங்கும்படி சிறிதாகச் செய்தார்கள். அந்த நிலையங்களுக்குத் தண்ணீர்கூட ஒட்டகத்தில்தான் வந்தது. இந்தத் தரைவழியை நிலைநாட்டப் பாடுபட்டவர்களில் தாமஸ் வாக்ஹார்னுக்குப் பெரும் பங்கு உண்டு.

சூயஸில் அடுத்த கப்பல். 1842 செப்டம்பரில் சவுத்தாம்ப்டனை விட்ட 'ஹிந்துஸ்தான்' நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்து இந்தத் தடத்தைத் தொடங்கிவைத்தது. சூயஸிலிருந்து ஏடன், இலங்கையின் காலித் துறைமுகம், சென்னை, கல்கத்தா என்பது வரிசை. சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணியே அடிக்காமல் பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்த மசூலா படகு அலையைத் தாண்டிப் போய்ப் பெட்டிகளை வாங்கி வரும். ஆணி அடித்த படகாக இருந்தால் அந்த அலையில் தரையில் மோதும்போது பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்துகொடுக்கும்.

1871இல் ராய்ச்சூரில் இரு பக்கத்துத் தண்டவாளமும் சேர்ந்த பிறகு பம்பாயில் இறங்கிய தபால் ரயிலிலேயே சென்னைக்கு வந்தது.

காலித் துறைமுகத்துக்கு ஏன் அத்தனை முக்கியத்துவம்? (யாழ்ப்பாண வாசகர்)

தடங்கள் பிரியும் இடம் அது. 1845 முதல் பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங் போகும் கப்பல் காலியில் காத்திருந்து, சூயஸ் கப்பல் கொண்டுவந்த சீனத் தபாலை வாங்கிக்கொண்டு புறப்படும். பின்னால் ஆஸ்திரேலியத் தபாலும் இங்கே மாறியது.

ஒப்பந்தம் போடுகிறவர்களுக்கு இது தீராத தலைவலி. செங்கடலில் ஒரு கப்பல் மூன்று நாள் பிந்தினால் அடுத்த கப்பல் காத்திருக்க வேண்டுமா, வெறும் பெட்டியோடு கிளம்ப வேண்டுமா? காத்திருந்தால் ஹாங்காங்கிலிருந்து திரும்பும் தபாலும் பிந்தும். கிளம்பிவிட்டால் சிங்கப்பூர் வியாபாரி அடுத்த கப்பல் வரும்வரை கடிதத்தைப் பார்க்க முடியாது. எத்தனை நாள் காக்கலாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காத ஒப்பந்தம் ஓட்டைப் பானைதான்.

துறையும் ஆபத்தானது. பாறைகள் அதிகம், தென்மேற்குப் பருவக்காற்றுக்கு மறைப்புக் குறைவு. 1860 மே மாதம் பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்த 'மலபார்' கப்பல் காலியிலேயே பாறையில் மோதி மூழ்கியது. கொழும்பில் அலைதடுப்புச் சுவர் எழுந்ததும் 1882இல் பி அண்ட் ஓ அங்கே மாறிவிட்டது. தந்திக் கம்பி வருமுன் ஒரு கொழும்புப் பத்திரிகை காலிக் கப்பலில் வந்த செய்தியைப் புறாக் காலில் கட்டித் தருவித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மானியம் இல்லாமல் கம்பெனியால் ஓட்டவே முடியாதா? (மதுரை வாசகர்)

முதல் முப்பது ஆண்டில் முடியாது. காரணம் நிலக்கரி. அன்றைய கொதிகலனில் கடல்நீரையே காய்ச்சினார்கள். உப்புப் படிந்துகொண்டே இருக்கும், கெட்டியான உப்புநீரை அடிக்கடி வெளியே தள்ள வேண்டும், அதோடு சூடும் போய்விடும். உப்புப் படிந்த கொதிகலனில் அழுத்தத்தையும் கூட்ட முடியாது. அழுத்தம் குறைந்தால் கரி அதிகம் தின்னும். கரிக்கும் எந்திரத்துக்கும் போக மிஞ்சிய இடத்தில் சரக்கு எவ்வளவு ஏறும்?

அந்தக் கரியும் வேல்ஸிலிருந்து பாய்க்கப்பலில் ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் வந்து ஏடனிலும் காலியிலும் குவிய வேண்டும். தபால் கப்பல் புறப்படுவதற்கு வெகு முன்பே அதன் கரி புறப்பட்டாக வேண்டும். 1839இல் பிரிட்டன் ஏடனைப் பிடித்ததற்குக் கரிக்கிடங்கும் ஒரு காரணம். ஒரே நீராவியை இரண்டு உருளைகளில் அடுத்தடுத்துப் பயன்படுத்திக் கரியை மிச்சப்படுத்தும் இரட்டை விரிவு எந்திரம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1866இல் ஆல்ஃபிரட் ஹோல்ட்டின் 'அகமெம்னான்' வழியில் கரி ஏற்றாமல் மொரீசியஸ் வரை, சுமார் 8,500 மைல், போகக்கூடியதாக இருந்தது.

டெண்டர் விட்டுத்தானே கொடுத்தார்கள்? பிறகு ஏன் திரும்பத் திரும்ப அதே கம்பெனி? (சிங்கப்பூர் வாசகர்)

தாளில் போட்டி இருந்தது, கடலில் இல்லை. புதிதாக வருகிறவர் கப்பல் கட்ட வேண்டும், துறைக்குத் துறை கரி குவிக்க வேண்டும், பழுதுபார்க்கும் பட்டறை போட வேண்டும், பதிலிக் கப்பல் ஒன்றைச் சும்மா நிறுத்தி வைக்க வேண்டும். பழைய கம்பெனியிடம் இவை எல்லாம் ஏற்கெனவே இருக்கும்.

ஆஸ்திரேலியத் தடம் இதற்குச் சரியான சாட்சி. கிரிமியப் போருக்கு அரசு கப்பல்களை எடுத்துக்கொண்டதால் பி அண்ட் ஓ அந்தத் தடத்தை நிறுத்தியது. தபால் மறுபடி பாய்க்கப்பலுக்குப் போனது. 1856இல் ஐரோப்பிய ஆஸ்திரேலியக் கம்பெனி என்ற புதிய நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 185,000 பவுண்டுக்குக் கொடுத்தார்கள். அதனிடம் தடத்துக்குப் போதுமான கப்பலே இல்லை. பிறரிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டியது. எந்திரம் பழுதானால் மாற்றுக் கப்பல் இல்லை, அட்டவணை குலைந்தது, அபராதம் ஏறியது. 1858இல் கம்பெனி முடிந்துபோனது. மறு ஆண்டு தடம் பி அண்ட் ஓவிடமே திரும்பியது. எவ்வளவு கேட்கிறார் என்று பார்த்தவர்கள், எத்தனை கப்பல் இப்போது மிதக்கிறது என்று எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். தொகையில் பாதியை ஆஸ்திரேலியக் காலனிகள் ஏற்றிருந்ததால் கெட்ட சேவைக்கு அவர்களும் சேர்ந்தே அழுதார்கள்.

இந்தப் பிடியின் உச்சம் 1867 ஒப்பந்தம். ஆண்டுக்கு 400,000 பவுண்டு. பங்குதாரருக்கு 8 சதவீத ஈவு கொடுக்க முடியாமல் போனால் 500,000 வரை கூட்டித் தருவதாக அரசே எழுதிக் கொடுத்தது. நஷ்டம் வந்தால் நான் தருகிறேன் என்று சொன்ன பிறகு, சிக்கனம் செய்யும் அவசரம் கம்பெனிக்கு எங்கிருந்து வரும்?

1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் தபால் அதன் வழியே போனதா? (சென்னை வாசகர்)

இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது, ஒட்டகத்துக்குப் பதிலாக அதற்குள் வந்துவிட்ட எகிப்து ரயில். அதனால் கப்பல் தபாலை அலெக்சாந்திரியாவில் இறக்கிவிட்டுத் தான் மட்டும் கால்வாயில் நுழையும். ரயிலில் வந்த தபாலைச் சூயஸில் திரும்ப ஏற்றிக்கொள்ளும். 1874இல்தான் கால்வாய் வழிக்கு அனுமதி கிடைத்தது, அதுவும் ஆண்டுக்கு 20,000 பவுண்டு குறைத்துக்கொண்ட பிறகு. இத்தாலியில் பிரிண்டிசி வழியாக வந்த அவசரத் தபால் அதற்குப் பின்னும் ரயிலிலேயே எகிப்தைக் கடந்தது. புதிய வழியை வெட்டித் திறந்த பிறகும் காகிதத்தில் எழுதிய வழி பல ஆண்டு நீடித்தது.

இந்தக் கப்பல்களில் நம் ஆட்கள் வேலை பார்த்தார்களா? (தூத்துக்குடி வாசகர்)

லஸ்கர் என்று அழைக்கப்பட்ட இந்திய மாலுமிகள் பி அண்ட் ஓ கப்பல்களில் பெருந்திரளாக வேலை பார்த்தார்கள். கரி அள்ளிப் போட்டு அடுப்பெரித்ததும் பெரும்பாலும் அவர்கள்தான். ஆஸ்திரேலியா ஒரே நாடாக ஆனவுடன் 1901இல் கொண்டுவந்த தபால் தந்திச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, வெள்ளையரை மட்டும் வேலைக்கு வைத்திருக்கும் கப்பலுக்கே தபால் ஒப்பந்தம் என்றது. ஆண்டாண்டு காலம் அந்த அடுப்படியில் வெந்தவர்களுக்கு இது பெரிய அநியாயம். ஓரியண்ட் கம்பெனி அந்த நிபந்தனைக்கு இணங்கி ஆஸ்திரேலிய அரசின் ஒப்பந்தத்தைப் பெற்றது. பி அண்ட் ஓ லஸ்கர்களை வைத்துக்கொண்டே லண்டனின் ஒப்பந்தத்தில் ஓடியது.