ஆல்கானின் கடினம்

அன்புள்ள ஐயா,

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பியானோ இசையமைப்பாளர் ஆல்கானைப் பற்றிய உங்கள் சிறு குறிப்பைப் படித்துவிட்டு, தனிப் பியானோவுக்கான அவருடைய கான்செர்டோவை, இசைக்குறிப்புத் தாள் திரையில் நகரும் ஒரு காணொளியில் கேட்டேன். ஏறத்தாழ ஐம்பது நிமிடங்கள். தாளைப் பார்க்கப் பார்க்க மலைப்பாக இருந்தது. கேட்டு முடித்தபோதோ, நான் கண்டது விரல் வித்தைதானோ என்ற ஐயம் எழுந்தது. இவ்வளவு கடினம் இசைக்குத் தேவைதானா? உண்மையிலேயே பெரிய ஆக்கமென்றால் நூறாண்டுகளாக ஏன் எவரும் வாசிக்கவில்லை? வெட்டி ஒட்டிய ஒலிப்பதிவுகளை வைத்து இதை மதிப்பிடலாமா?

செ., கோவை

அன்புள்ள செ.,

விரல் வித்தைக்காகவே எழுதப்பட்ட பியானோ இசை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏராளம் உண்டு. 1830களின் பாரிஸில் புகழ்பெற்ற ஆப்பெரா மெட்டுகளை எடுத்து, அவற்றின்மேல் ஓட்டங்களையும் தாவல்களையும் அடுக்கி அரங்கை மயக்குவது ஒரு தொழிலாகவே இருந்தது. அவற்றில் பெரும்பகுதி மறக்கப்பட்டதில் நமக்கு இழப்பில்லை. கடினத்தை நீக்கிவிட்டாலும் அங்கே மெட்டு அப்படியே மிஞ்சும். நீங்கள் கேட்ட ஆக்கத்தில் கடினத்தை நீக்கினால் எதுவும் மிஞ்சாது என்பதே என் எண்ணம்.

கான்செர்டோ என்ற வடிவம் ஒரு தனி வாத்தியமும் ஆர்க்கெஸ்ட்ரா என்னும் பெரிய வாத்தியக் குழுவும் எதிரெதிரே நிற்பதால் உருவாவது. ஆல்கான் 1857-இல் வெளியிட்ட, மைனர் சுருதிகள் பன்னிரண்டிலும் அமைந்த எட்யூடுகளில், அதாவது பயிற்சி இசைத் துண்டுகளில் (வெளியீட்டு எண்: ஓபஸ் 39), எட்டு, ஒன்பது, பத்து ஆகிய மூன்றும் சேர்ந்ததே இந்தக் கான்செர்டோ. நான்கு முதல் ஏழு வரையிலானவை ஒரு சிம்ஃபொனி, வழக்கமாக முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்குரிய வடிவம். ஆர்க்கெஸ்ட்ரா பேச வேண்டிய இடம் எது, தனி வாத்தியம் பேச வேண்டிய இடம் எது என்று கான்செர்டோவின் தாளிலேயே குறித்திருக்கிறார். முழுக் குழுவின் கனத்தோடு ஒலித்துக்கொண்டிருந்த அதே பத்து விரல்கள் அடுத்த கணம் மெலிந்து, வேறொருவர் மேடைக்கு வந்துவிட்டார் என்று நம்பும்படி பாட வேண்டும். முதல் பகுதியில் மட்டும் 1,300க்கும் மேற்பட்ட தாளக்கட்டங்கள் உள்ளன. வாசிக்க அரைமணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அதன் இறுதியை நெருங்கும்போது ஒரே ஜி ஷார்ப் சுரம் பக்கம் பக்கமாக அடிக்கப்படுகிறது. தாளில் அது வெறும் புள்ளிகளின் வரிசை. காதிலோ தொலைவிலிருந்து ஓயாமல் வரும் முரசு. வாசிப்பவரின் கை சோர்ந்துபோன அந்த நேரத்தில் அதைக் கேட்பதால்தான் அந்த முரசுக்கு அச்சுறுத்தும் தன்மை வருகிறது. ஒருவன் பலராக இருக்க முயல்வதே இங்கே கதை என்பதால், வாசிப்பவரின் சிரமமும் அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

வாத்தியத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆல்கான் வாசித்தது எரார் நிறுவனத்தின் பியானோ. சுத்தியல் முழுவதும் கீழே விழுந்து ஓய்வதற்குள் அதே கட்டையை மீண்டும் அடிக்க இடம்தரும், செபாஸ்தியன் எரார் உருவாக்கிய பொறியமைப்புக்கு 1821-இல் காப்புரிமை பெறப்பட்டது. விரைந்து மீளும் சுரங்களை ஆல்கான் அத்தனை தாராளமாக எழுதியதற்கு அந்த இலகுவான கட்டைகளும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். இன்றைய பெரிய கச்சேரிப் பியானோவின் கட்டைகள் கனமானவை. ஆல்கான் கோரியதைவிடக் கூடுதலான உழைப்பை அவை இன்றைய கலைஞரிடம் வாங்கிவிடுகின்றன.

ஏன் வாசிக்கப்படவில்லை என்பதற்கு விடை பெரும்பாலும் அவர் வாழ்க்கையில் இருக்கிறது. 1848-இல் பாரிஸின் இசைக்கல்லூரியான கன்சர்வத்வாரில் தம் ஆசிரியர் சிம்மர்மான் விட்டுச்சென்ற பதவி தமக்கே கிடைக்கும் என்று ஆல்கான் நம்பியிருந்தார். அது மார்மோந்தெல் என்பவருக்குப் போயிற்று. 1853-க்குப் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் பொதுமேடை ஏறவேயில்லை. ஓபஸ் 39 அச்சானது அந்த இடைவெளியின் நடுவில்தான். அதை ஊருக்கு வாசித்துக்காட்ட வல்லவரான, அதை இயற்றியவரே கதவை மூடிக்கொண்டிருந்தார். (யூதச் சமய நூலான தல்மூதை எடுக்கப்போய்ப் புத்தக அலமாரி சரிந்து 1888-இல் இறந்தார் என்ற கதையை, அவர் இசையில் ஒரு சுரமும் கேளாதவர்களும் சொல்வார்கள். அக்காலக் கடிதம் ஒன்றின்படி அவர் சமையலறையில், குடை மாட்டும் கனமான தாங்கியின் அடியில் விழுந்து கிடந்தார்.)

எவருமே வாசிக்கவில்லை என்பது முழு உண்மையன்று. பியானோக் கலைஞர் புஸோனி ஆல்கானின் இசையை வாசித்தார், அவருடைய மாணவர் எகோன் பெட்ரி வாசித்தார், பெட்ரியிடம் பயின்ற ஜான் ஆக்டன் 1969-இல் இந்தக் கான்செர்டோவை ஒலிப்பதிவு செய்தார். நியூயார்க்கில் ரேமண்ட் லெவெந்தால் 1963-இல் வானொலியில் ஆல்கானைப் பற்றிப் பேசி வாசித்ததும், அதன் தொடர்ச்சியாக வந்த இசைத்தட்டும் ஒரு தலைமுறையின் காதைத் திருப்பின. இங்கிலாந்தில் ரொனால்ட் ஸ்மித் வாசித்ததோடு நில்லாமல், ஆல்கானைப் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதவும் செய்தார்.

இனி ஒலிப்பதிவுகள். பியானோக் கலைஞர் மார்க்-ஆந்த்ரே ஹாமெலின் ஹைபீரியன் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகச் செய்து 2007-இல் வெளிவந்த பதிவை முதலில் கேளுங்கள். குழுவும் தனிக்குரலும் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து கேட்கும் பதிவு வேறில்லை. அதன் குறை என்று ஒன்றைச் சொல்வதானால், அவர் கையில் எல்லாம் எளிதாகிவிடுகிறது. மலை ஏறுகிறோம் என்பதே மறந்துபோகிறது. அதற்குப் பிறகு ஆக்டனைக் கேளுங்கள். சில இடங்களில் அவர் சிதறுகிறார், சில இடங்களில் மூச்சுவிடாமல் ஓடுகிறார். ஆயினும் ஒரு மனிதன் தன் ஆற்றலின் விளிம்பில் நிற்பது அதில் கேட்கிறது. முழுமை பெற்ற பதிவு ஹாமெலினுடையதே என்றாலும், நான் அடிக்கடி திரும்பிச் செல்வது ஆக்டனிடம்தான்.

வெட்டி ஒட்டுவது குறித்து: ஸ்டூடியோவில் பிழையான சுரத்தை மாற்றலாம், அரைமணி நேரம் நீளும் ஒரு பகுதியை எங்கே இறுக்கி எங்கே தளர்த்துவது என்ற முடிவைக் கத்தரியால் உண்டாக்க முடியாது. தவிர, மேடையிலும் இது நிகழ்ந்திருக்கிறது. பியானோக் கலைஞர் ஜாக் கிப்பன்ஸ் 1995-இல் ஆக்ஸ்போர்டில் ஓபஸ் 39 முழுவதையும் ஒரே கச்சேரியில் வாசித்தார்.

அடுத்த முறை திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். தாளைப் பார்த்தால் கண் கறுப்புப் புள்ளிகளை எண்ணத் தொடங்கிவிடும். எவ்வளவு கடினம் என்பதே பின்னர் ஒரே கேள்வியாகிவிடும். முதல் பகுதியின் நீளம் தடையாக இருந்தால் இரண்டாவதான, மெதுவாக நகரும் அடாஜியோவிலிருந்து தொடங்கலாம். அல்லது அதே தொகுப்பின் கடைசி எட்யூடான ‘ஈசாப்பின் விருந்து’ இருக்கிறது: எட்டே தாளக்கட்டங்கள் கொண்ட ஒரு கருவும், அதன் இருபத்தைந்து மாற்றுருவங்களும், எல்லாம் பத்து நிமிடத்துக்குள்.