சுரங்க ஆய்வு நிறுவனத் தலைமை: யாருடைய பின்னணியைப் பார்ப்பது?

கேள்வி: சேலம் அருகே மேக்னசைட் கல்லை உடைத்து அரைத்து விற்கும் சிறு ஆலை வைத்திருக்கிறேன். சிலிக்கா அதிகம் என்று ஒதுக்கிப் போட்ட கல் மலைபோல் குவிந்து கிடக்கிறது. அதைத் தரம் உயர்த்த முடியுமா என்று அரசு ஆய்வு நிறுவனம் ஒன்றில் கேட்கலாம் என்று, அந்த நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினேன். ஓரிடத்தில் தலைவர் பெயின்ட் வேதியியல் படித்தவர். இன்னோரிடத்தில் தலைமை ஐ.ஏ.எஸ். அதிகாரியிடம், குழுவில் நிலக்கரி நிறுவன அதிகாரிகள் வேறு. கனிமம் தெரிந்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இயக்குநருக்கே நேராகக் கடிதம் எழுதலாமா?

பதில்: தாங்கள் கவனித்தது சரிதான், ஆனால் அதிலிருந்து வந்த சந்தேகம் பாதிதான் சரி. தலைமையில் இருப்பவரின் பட்டத்தைப் பார்த்து அந்த நிறுவனம் உங்கள் கல்லுக்கு உதவுமா என்று முடிவு செய்ய முடியாது. அவருடைய பின்னணி வேறொன்றைச் சொல்லும். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் அங்கே புதுக் கருவிகளும் புது ஆட்களும் எந்தப் பக்கம் போகும் என்பதை அதிலிருந்து ஊகிக்கலாம்.

நீங்கள் குறிப்பிட்ட பெயின்ட் வேதியியல் புவனேஸ்வரத்தில் உள்ள ஐ.எம்.எம்.டி. நிறுவனத்தைப் பற்றியது என்று நினைக்கிறேன். 1964-இல் வட்டார ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கி, 2007-இல் கனிமங்கள், பொருள்கள் தொழில்நுட்ப நிறுவனம் என்று பெயர் மாறிய இடம் அது. அதன் இயக்குநர்களில் மூவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பி. கே. மிஸ்ரா கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து வந்தவர், பால் மில்லுக்குள் ஒவ்வோர் உருண்டையும் எப்படி எழும்பி எங்கே விழுகிறது என்பதைக் கணினியில் கணக்கிடும் முறைக்கு முன்னோடிகளில் ஒருவர். (பால் மில் என்றதும் ஆவின் நினைவுக்கு வர வேண்டாம், இரும்பு உருண்டைகள் போட்டுச் சுழற்றிக் கல்லை மாவாக்கும் உருளை இது என்பது தங்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.) பின்னர் அதே நாற்காலிக்கு வந்த சுத்தசத்வ பாசு டெல்லி ஐ.ஐ.டி.யின் வேதிப் பொறியியல் பேராசிரியர், எரிபொருள் மின்கலத்தில் பெயர் பெற்றவர். அவருக்குப் பின் வந்த ராமானுஜ் நாராயண் ஐதராபாத் வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தில் பாலிமர், மேற்பூச்சுத் துறையில் வளர்ந்தவர். அரைவை, மின்வேதியியல், பாலிமர் என்று மூன்று வெவ்வேறு வாசல்கள் வழியாக வந்தவர்கள். ஆனால் உள்ளே கனிமத்தைச் சுத்திகரிக்கும் பிரிவு மூவர் காலத்திலும் இயங்கியது.

தன்பாத்தில் கதை வேறு. 1956-இல் தோன்றிய மத்திய சுரங்க ஆராய்ச்சி நிலையமும், 1946-இல் தோன்றிய எரிபொருள் ஆராய்ச்சி நிலையமும் 2007-இல் இணைந்து உருவான நிறுவனம் அங்கே இருக்கிறது. அதன் இயக்குநர்களான பிரதீப் குமார் சிங், பின்னர் வந்த அரவிந்த் குமார் மிஸ்ரா ஆகிய இருவருமே வெடிவைத்துப் பாறை தகர்க்கும் துறையில் ஊறியவர்கள். குழியில் நின்று வேலை பார்த்த தலைமை அது. இதைப் படித்ததும், அப்படியானால் தன்பாத்துக்கே போய்விடலாமே என்று தோன்றும். போனால் வீண். வெடி, சுரங்கக் கூரை சரியாமல் தாங்குவது, நிலக்கரி இவற்றில் அவர்கள் கெட்டிக்காரர்கள். உங்கள் சிக்கல் கல்லை வெட்டி எடுத்த பிறகு தொடங்குகிறது.

ஆகவே நீங்கள் தேட வேண்டிய பெயர்கள் ஆண்டறிக்கையில் முதல் பக்கத்தில் இருக்காது. இந்த இரு நிறுவனங்களும் சேர்ந்த சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம்) அமைப்பில் பிரதமர் தலைவர், அறிவியல் துறை அமைச்சர் துணைத் தலைவர், அன்றாட ஆட்சி தலைமை இயக்குநரிடம். 2022 ஆகஸ்டில் அப்பொறுப்புக்கு வந்த முதல் பெண்மணியான ந. கலைச்செல்வி அம்பாசமுத்திரத்துக்காரர், தமிழ்வழியில் படித்தவர், காரைக்குடியில் லித்தியம் மின்கலம் ஆய்ந்தவர் என்பது நமக்குப் பெருமைதான். உங்கள் மேக்னசைட்டுக்கு அதனால் நேரடிப் பயன் எதுவும் இல்லை. ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் இரண்டு குழுக்கள் உண்டு. மேலாண்மைக் குழு இயக்குநர் தலைமையில் நிர்வாகத்தைப் பார்க்கும். ஆராய்ச்சிக் குழுவுக்கு வெளியிலிருந்து ஒருவர் தலைவராக வருவார். எந்தத் திசையில் ஆய்வு போக வேண்டும் என்று சொல்வது அதுதான். நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டியது இந்த இரண்டாவது குழுவின் பட்டியலைத்தான்.

அதில் எஃகு ஆலையிலோ, உலைக்குள் சூடு தாங்கும் தீச்செங்கல் தயாரிக்கும் தொழிலிலோ இருபது ஆண்டுகள் ஓட்டியவர் ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். மேக்னசைட்டில் சிலிக்கா இரண்டு சதவீதம் கூடினால் உலையின் உட்சுவர் என்ன பாடுபடும் என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை. அதே சமயம், அவர் இன்னும் பணியில் இருந்து, அவருடைய நிறுவனம் நீங்கள் விற்கும் அதே சரக்கை விற்பதாக இருந்தால், மாதிரிக் கல்லை அனுப்பும் முன்பே ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இதைக் கேட்பது அவமரியாதை ஆகாது. பொதுவாக ஆய்வகங்களில் அதற்கான படிவம் தயாராகவே இருக்கும்.

ஐ.ஏ.எஸ். அதிகாரி தலைமையைப் பற்றி ஒரு சொல். சுரங்க அமைச்சகம் 1978 முதல் அறிவியல் தொழில்நுட்பத் திட்டத்தின் கீழ் ஆய்வுகளுக்குப் பணம் தருகிறது. எந்த ஆய்வுக்குத் தருவது என்பதை மேல்மட்டத்தில் முடிவு செய்யும் அறிவியல் ஆலோசனைக் குழுவுக்கு அமைச்சகச் செயலரே தலைவர். அங்கே ஆட்சிப்பணி அதிகாரி இருப்பது குறை ஆகாது, ஏனென்றால் அது பணம் பிரிக்கும் இடம். கல்லைப் பற்றிய மதிப்பீடு அதற்குக் கீழே உள்ள நிபுணர் குழுவில் நடந்துவிடுகிறது. ஸ்டார்ட்அப், குறு சிறு நடுத்தர நிறுவனங்களுக்கென்றே 2023-இல் பிரிசம் என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள்; விண்ணப்பங்களைக் கையாள்வது நாக்பூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு அலுமினிய ஆய்வு மையம். அலுமினியம் என்ற பெயரைப் பார்த்து ஒதுங்கிவிட வேண்டாம்.

இனி உங்கள் கல்லுக்கு வருவோம். சேலத்து மேக்னசைட் டியூனைட் பாறையின் வெடிப்புகளில் நரம்பு நரம்பாகப் படிந்தது. கலப்பே இல்லாத மேக்னசைட்டில் மக்னீசிய ஆக்சைடு 47.8 சதவீதம், சுட்டால் ஆவியாகப் போகும் கரியமில வாயு 52.2 சதவீதம், இதற்கு மேல் ஆய்வுச் சீட்டில் காண்பதெல்லாம் பாறை கொடுத்த சீதனம். அந்தச் சிலிக்கா எந்த உருவில் இருக்கிறது என்பதே முழுக் கேள்வி. தனித்தனிப் பருக்கையாக, குவார்ட்ஸ் போல ஒட்டிக்கொண்டிருந்தால், கொஞ்சம் அரைத்ததும் விலகிவிடும். நுரை மிதப்பு முறையில், அதாவது அரைத்த மாவை நீரில் கலக்கி ஒரு கனிமத்தை மட்டும் காற்றுக் குமிழியில் ஒட்டவைத்து மேலே மிதக்க விட்டு, பிரித்துவிடலாம். செர்பன்டைன் என்ற, மக்னீசியமும் சிலிக்காவும் சேர்ந்த மென்மையான கனிமமாக மாவுபோல் மேக்னசைட்டுக்குள் ஊடுருவியிருந்தால், பிரிக்கும் அளவுக்கு நுண்ணியதாக அரைக்கும்போது சேறாகிவிடும்; சேறு மிதப்புத் தொட்டியைக் கெடுக்கும், மிதப்புக்குச் சேர்க்கும் இரசாயனச் செலவும் ஏறும். இதைச் சொல்லக்கூடியவர் நுண்ணோக்கியில் பாறைச் சீவலைப் பார்க்கப் பழகிய ஒரு கனிமவியலாளர். ஆகவே, பிரிவின் பட்டியலில் கனிமவியல் படித்தவர் ஒருவர், மிதப்பு முறையில் கைபழகியவர் ஒருவர், பைலட் பிளான்ட் (சோதனைக்கான சிறு ஆலை) ஓட்டியவர் ஒருவர் இருக்கிறாரா என்று தேடுங்கள். அந்த மூவரும் இருந்தால், இயக்குநர் பெயின்ட் படித்தவராக இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. மூவரும் ஓய்வு பெற்றுவிட்டு, பழைய கட்டுரைகள் மட்டும் ஆண்டறிக்கையில் நின்றால், இயக்குநர் கனிமப் பொறியியல் மேதையாக இருந்தாலும் நான் அங்கே அனுப்ப மாட்டேன்.

சேலத்திலிருந்து புவனேஸ்வரத்துக்கு லாரி ஏற்றும் முன், சென்னை தரமணியில் ஜாம்ஷெட்பூர் தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் கிளை இருக்கிறது. கனிமம் சுத்திகரிப்பது அங்கே பழைய தொழில். இந்தியச் சுரங்கப் பணியகத்துக்கும் நாக்பூர், அஜ்மீர், பெங்களூரு ஆகிய ஊர்களில் தாதுச் சுத்திகரிப்புக் கூடங்கள் உண்டு. முதலில் தரமணிக்குப் போய்வாருங்கள். இயக்குநர் பெயருக்குக் கடிதம் எழுதுவதில் தவறில்லை, ஆனால் ஒரு நகலைக் கனிமச் சுத்திகரிப்புப் பிரிவின் தலைவருக்கும், இன்னொன்றை வணிக வளர்ச்சிப் பிரிவுக்கும் அனுப்புங்கள். மேலே போன தாள் கீழே வர நாளாகும். கடிதத்தில் உங்கள் ஆலை ஒரு நாளைக்கு எத்தனை டன் அரைக்கும், வாங்குபவர் எத்தனை சதவீதச் சிலிக்கா வரை ஏற்பார், கிடங்கில் தோராயமாக எத்தனை டன் கிடக்கிறது என்ற மூன்றும் இருக்கட்டும். இவை இல்லாத கடிதத்துக்கு மரியாதையான, ஆனால் பயனில்லாத பதிலே வரும்.

கடைசியாக மாதிரி. ஆலை முதலாளி ஒருவர் குவியலின் மேலிருந்த வெள்ளை வெளேரென்ற கல்லை மட்டும் பொறுக்கிச் சாக்கில் கட்டி அனுப்பினார். ஆய்வகத்தில் அருமையான முடிவு வந்தது, கடன் வாங்கிச் சாதனம் போட்டார், உள்ளே கிடந்த சாம்பல் நிறக் கல் ஏறியதும் எல்லாம் நின்றுபோனது. அந்த ஆய்வில் பங்கு கொண்டவன் நான். மாதிரி எப்படி எடுக்கப்பட்டது என்று நானும் கேட்கவில்லை. ஆகவே குவியலை நாலா பக்கமும் அடிவரை தோண்டி எடுத்து, உடைத்து, கூம்பாகக் குவித்து, மேலே தட்டையாக்கி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுங்கள். ஐம்பது கிலோ வரும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அதே அளவில் இன்னொரு சாக்கைக் கட்டி, தேதியும் எடுத்த இடமும் எழுதி, ஆலையிலேயே பூட்டி வையுங்கள். முடிவில் ஏதேனும் ஐயம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அந்தச் சாக்கு வேண்டியிருக்கும்.