அட்டையைப் பார்த்தே பாட்டைச் சொல்லலாமா?

போன இதழில் பழைய ராக் பத்திரிகைகளைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். விளைவு, இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இசைப் பத்திரிகை அட்டைகளைப் பற்றித்தான். சினிமாக் கேள்விகள் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணே, பாலிடெக்னிக்கில் டிசைன் படிக்கிறேன். தமிழ் ஹிப் ஹாப்புக்கென்று ஒரு பத்திரிகை வந்தால் அதன் அட்டை எப்படி இருக்கும் என்று வடிவமைக்க வேண்டும், அதுதான் ஒப்படைப்பு. கறுப்புப் பின்னணி, சுவர்க் கிறுக்கல் எழுத்து, தங்கச் சங்கிலி எல்லாம் போட்டேன். “எந்த இசை என்று தெரிகிறது, யாருக்கான பத்திரிகை என்று தெரியவில்லையே” என்கிறார் ஆசிரியர். என்ன செய்வது?
– மாணவர், ஈசூன்

பதில்: தம்பி, அவர் சொன்னதில் பாதி பாராட்டு. அதை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த இசை என்று ஒரு பார்வையில் தெரிவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் நீங்கள் போட்டிருப்பதெல்லாம் ‘ஹிப் ஹாப்’ என்று கூகலில் தட்டினால் முதல் வரிசையில் வந்து விழும் சாமான்கள். அந்த இசையின் பத்திரிகைகளே அவற்றைத் தாண்டிப் போய் முப்பது வருடம் ஆகிறது.

‘தி சோர்ஸ்’ பத்திரிகையை 1988இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு செய்திமடலாகத்தான் தொடங்கினார்கள். தெருவிலிருந்து வந்த இசை, அதனால் தெருவின் அடையாளங்கள். சரி. ஆனால் 1993இல் இசைத் தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸ் தொடங்கிய ‘வைப்’ பத்திரிகை வேறு வழியில் போனது. சுத்தமான பெரிய எழுத்து, ஸ்டூடியோ வெளிச்சம், ஃபேஷன் பத்திரிகைகளுக்குப் படம் எடுப்பது போன்ற படங்கள். ஹாலிவுட் நட்சத்திரத்துக்குக் கிடைக்கிற மரியாதை ஒரு ராப் பாடகருக்கும் கிடைக்கும் என்பதை ஒரு வார்த்தை எழுதாமல் அட்டையே சொல்லிவிட்டது. கிறுக்கல் எழுத்து போனபிறகும் அது ஹிப் ஹாப் பத்திரிகை என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஏன்? படத்தில் இருப்பவர் நிற்கிற விதம். கேமரா கொஞ்சம் கீழே இருக்கும், ஆள் நம்மை நேராகப் பார்ப்பார், பெரும்பாலும் சிரிக்க மாட்டார், தோளும் கையும் சட்டகத்தை நிரப்பும். வகையைக் காட்டுவதில் நிறத்தையும் எழுத்துருவையும்விட அந்த ஆளின் பார்வைக்குத்தான் வேலை அதிகம். பாப் பத்திரிகை அட்டையில் அதே ஆளை நிற்க வைத்தால் சிரிக்கச் சொல்வார்கள், பின்னணி மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறும், அவரைச் சுற்றி இன்னும் ஐந்து பேரின் சின்னப் படங்கள் வந்து உட்காரும்.

இப்போது உங்கள் ஆசிரியர் கேட்ட பாதிக்கு வருகிறேன். உங்கள் வாசகர் யார்? மலேசிய ராப் குழுவான யோகி பி – நட்சத்ரா ‘வல்லவன்’ ஆல்பத்தை 2006இல் வெளியிட்டபோது பள்ளிச் சீருடையில் கேட்டவர், நம்மூர் ராப் பாடகி லேடி கேஷ் பாட்டைத் தெரிந்தவர், தமிழும் ஆங்கிலமும் கலந்து ராப் பாடகர் யங் ராஜா பாடுவது போலவே பேசுகிறவர். அவருக்கு நியூயார்க் சுரங்க ரயிலின் பெயின்ட் கிறுக்கல் இரவல் அடையாளம்தான். அவர் சின்ன வயதிலிருந்து படித்துப் பழகிய எழுத்து வேறு, அது சினிமா போஸ்டர் எழுத்து. யோசித்துப் பாருங்கள், தமிழ்ப் படத்தின் தலைப்பை ஓவியர்கள் கையால் வரைந்த காலத்திலிருந்தே, அடிதடிப் படம் என்றால் தூரிகை இழுப்பு, பேய்ப் படம் என்றால் வழிகிற சொட்டு, பக்திப் படம் என்றால் சுருளும் பூவேலையும் என்று, கதை தெரியாதவருக்கும் எழுத்தின் வடிவிலேயே வகையைச் சொல்லி வந்திருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு அந்தப் பாடம் நன்றாகத் தெரியும். சொந்தமாக ஒரு ஹிப் ஹாப் எழுத்து வேண்டுமென்றால் நான் அங்கேதான் தேடுவேன்.

எழுத்துரு என்று வந்தபிறகு ஒரு தொழில் விஷயமும் சொல்லிவிடுகிறேன். ஆங்கில அட்டைகளில் தலைப்புகளைப் பெரிய எழுத்தில் செங்கல் சுவர் மாதிரி அடுக்கிவிடுவார்கள், எல்லா எழுத்தும் ஒரே உயரம், இடைவெளியே வேண்டாம். தமிழில் அது நடக்காது. புள்ளியும் மேல்விலங்கும் மேலே ஏறும், உகரக் கால் கீழே இறங்கும், வரிகளை நெருக்கினால் ஒன்றின் தலையில் இன்னொன்று இடிக்கும். போதாக்குறைக்கு நம் சொற்கள் நீளம். அதனால் அட்டை வரிகளை ஆங்கிலத்தில் யோசித்துவிட்டுத் தமிழாக்காதீர்கள், முதலிலேயே இரண்டு மூன்று சொல்லுக்குள் எழுதுங்கள். கூகலில் இலவசமாகக் கிடைக்கும் ‘பலூ தம்பி’ போன்ற தடித்த எழுத்துரு நல்லதுதான், ஆனால் அது உருண்டையாகச் சிரிக்கிற எழுத்து, ராப் பாடகரின் முறைப்புக்குக் கீழே வைத்தால் ஐஸ்கிரீம் விளம்பரம் ஆகிவிடும். பத்திரிகைப் பெயரை மட்டுமாவது கையால் வரைந்து பாருங்கள்.

அட்டை வரியே இல்லாமல் விடலாமா என்று அடுத்து கேட்பீர்கள், தெரியும். அமெரிக்க ராக் பத்திரிகை ‘ரோலிங் ஸ்டோன்’ 1981 ஜனவரியில் பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜான் லெனனும் அவர் மனைவி யோகோ ஓனோவும் இருக்கும் அட்டையைப் பத்திரிகையின் பெயரை மட்டும் வைத்து, தலைப்பு எதுவும் இல்லாமல் வெளியிட்டது. ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படம் அது. எடுத்த அன்றே, 1980 டிசம்பர் 8ஆம் தேதி, லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். உலகத்துக்கே தெரிந்த செய்திக்குத் தலைப்பு எதற்கு? உங்கள் அட்டையில் நிற்கப் போவது உங்கள் வகுப்பு நண்பராகத்தான் இருக்கும். அவருக்குப் பெயரும் போட வேண்டும், அவர் ஏன் அட்டையில் இருக்கிறார் என்று ஒரு வரியும் போட வேண்டும்.

ஆகவே பார்வை, நிற்கும் விதம், பெரிய பெயர், பார்கோடு, விலை எல்லாம் வழக்கப்படியே இருக்கட்டும். எழுத்தில் மட்டும் வழக்கத்தை உடையுங்கள். நான்கு இடத்தில் உடைத்தால் பத்திரிகை மாதிரியே இருக்காது. அப்புறம், புளோக் கீழ்த்தளத் தூண் ஓரத்தில் நிற்க வைத்துப் படம் எடுக்கும் யோசனை இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள், உங்கள் வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் செய்யப் போகிறார்கள்.

கேள்வி: பத்திரிகையின் பெயர் ஏன் எப்போதும் மேலேயே இருக்கிறது? அதையும் நட்சத்திரத்தின் தலை பாதி மறைத்துவிடுகிறதே, பிறகு எதற்குப் பெயர்?
– வாசகர், பிடோக்

பதில்: மாமா கடையில், அதுதான் புளோக் பக்கத்துச் சின்னக் கடையில், பத்திரிகை தொங்கியதைப் பார்த்திருப்பீர்களே. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மேல் விளிம்போ இடது ஓரமோ மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அந்தத் துண்டிலேயே பெயர் தெரிய வேண்டும், அவ்வளவுதான் காரணம். முக்கியமான அட்டை வரிகள் இடது பக்கம் குவிவதும் இதனால்தான். தலை மறைக்கிற விஷயம் கொஞ்சம் திமிர். பாதி எழுத்து மறைந்தாலும் எங்களை அடையாளம் தெரியும் என்று பழைய பத்திரிகைகள் காட்டிக்கொள்கின்றன. முதல் இதழ் போடுகிறவர் இதைச் செய்யக் கூடாது.

கேள்வி: என் மகன் மெட்டல் இசைப் பத்திரிகைப் படங்களை அறை முழுவதும் ஒட்டி வைத்திருக்கிறான். மண்டை ஓடு, உடைந்த எழுத்து, நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு முகம். கவலைப்பட வேண்டுமா?
– ஒரு தாயார், உட்லண்ட்ஸ்

பதில்: வேண்டாம்மா. முறுக்கு மீசையும் உருட்டிய விழியும் கையில் அரிவாளுமாக நிற்கும் முனீஸ்வரனைக் கும்பிட்டு விபூதி வாங்கி வருகிறோம், நாம் பயப்படலாமா? அந்த மண்டை ஓடு, இது சத்தமான இசை, மென்மையை எதிர்பார்த்து வராதே என்று வாசலிலேயே சொல்லிவிடும் பலகை.

‘கெராங்!’ என்ற பிரிட்டிஷ் பத்திரிகையைத்தான் அவன் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். 1981இல் ‘சவுண்ட்ஸ்’ என்ற வார இதழின் இணைப்பாக வந்தது, முதல் அட்டையில் ஏசி/டிசி குழுவின் ஆங்கஸ் யங். மின்கிதாரை ஓங்கி ஒரு தட்டு தட்டினால் வரும் சத்தத்தையே பெயராக வைத்தார்கள். அந்தச் சத்தத்தில் கண்ணாடி விரிசல் விட்டது போல எழுத்தையும் உடைத்து வைத்தார்கள். காதுக்குரியதைக் கண்ணுக்குக் காட்டிய வகையில் இசைப் பத்திரிகைப் பெயர்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உள்ளே போஸ்டர்கள் வைப்பார்கள், அவை சுவரில் ஒட்டுவதற்கென்றே அச்சடித்தவை, மகன் அதை மீறவில்லை. சுவர் பெயின்ட் உரிந்தால் மட்டும் கண்டியுங்கள்.

கேள்வி: எந்தக் கர்நாடக இசை விழா மலரை எடுத்தாலும் அட்டையில் வீணை, குத்துவிளக்கு, அரக்கு நிறம், ஜரிகைக் கரை. மாற்றவே மாட்டார்களா?
– ரசிகர், தோ பாயோ

பதில்: மாற்ற வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை என்பதுதான் உண்மை. கடையில் தொங்கும் பத்திரிகை, பக்கத்தில் தொங்கும் இன்னொன்றோடு சண்டை போட வேண்டும். விழா மலர் ஏற்கெனவே அரங்கத்துக்கு வந்துவிட்டவர் கையில் கொடுக்கப்படுவது. அவரை இழுக்க வேண்டியதில்லை, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தோன்ற வைத்தால் போதும், விளம்பரம் கொடுத்தவர்களும் முகம் சுளிக்கக் கூடாது. அரக்கும் ஜரிகையும் இந்த இரண்டையும் செய்துவிடுகின்றன.

மேற்கத்திய செவ்வியல் இசைக்கும் இதே மாதிரி ஒரு சீருடை உண்டு. 1923இல் லண்டனில் தொடங்கிய ‘கிராமஃபோன்’ இன்னும் வருகிறது. அந்த வகைப் பத்திரிகைகளின் அட்டைகளைப் பார்த்தால் வயலின்காரர் பெரும்பாலும் வயலினோடுதான் இருப்பார், பியானோக்காரர் பியானோ ஓரத்தில். ராக் நட்சத்திரமோ கிதார் இல்லாமலே பல அட்டைகளில் வருவார். முகத்தை வைத்து விற்பது ஒன்று, வித்தையை வைத்து விற்பது இன்னொன்று. நம் சபாக்காரர்களும் வித்தையைத்தான் காட்ட நினைக்கிறார்கள், ஆனால் வாசிக்கிற ஆளை விட்டுவிட்டு வாத்தியத்தை மட்டும் படம் போடுகிறார்கள், அங்கேதான் சலிப்பு வருகிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் கறுப்பு வட்டத்தை அட்டை முழுக்க வைத்து, அதன் ஓரத்தில் வாசிக்கிறவரின் விரல் நுனிகள் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு படம் போடட்டுமே. குத்துவிளக்கு இல்லாமலே அது என்ன கச்சேரி என்று தெரியும். மலர்க் குழுவில் உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் சொல்லிப் பாருங்கள், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து ராக் பத்திரிகை ஏதாவது வந்ததுண்டா?
– வாசகி, செங்காங்

பதில்: வந்ததே! ‘பிக்ஓ’. ‘பிஃபோர் ஐ கெட் ஓல்ட்’ என்பதன் சுருக்கம். 1985இல் நகல் எடுத்துக் கொடுக்கும் ரசிகர் மடலாகத் தொடங்கி, பிற்பாடு கடைகளில் விற்கும் முறையான இதழாக வளர்ந்தது. உள்ளூர்க் குழுக்களைப் பற்றித் தொடர்ந்து எழுதிய இதழ்.

நகல் என்றதும் இன்னொன்று. கிழித்து ஒட்டிய எழுத்து, மார்க்கர் பேனாத் தலைப்பு, கறுப்பு வெள்ளை அழுக்கு என்று பங்க் இசைக்கு ஒரு தோற்றம் இருக்கிறது அல்லவா, அது யாரும் உட்கார்ந்து திட்டமிட்ட ‘லுக்’ இல்லை. 1976இல் லண்டனில் வந்த ‘ஸ்னிஃபின் குளூ’ போன்ற ரசிகர் மடல்களுக்கு எழுத்துக் கோக்கக் காசு கிடையாது, நகல் இயந்திரம் மட்டும்தான் கைக்கு எட்டியது. காசில்லாமல் செய்தது அடையாளமாகி, இப்போது நல்ல கணினியும் விலை உயர்ந்த மென்பொருளும் வைத்திருப்பவர்கள் அந்த அழுக்கை வேண்டுமென்றே தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

கேள்வி: அச்சுப் பத்திரிகையே போய்விட்டதே, இனி அட்டைக்கு என்ன வேலை?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: முழுதாகப் போகவில்லை. 1952இல் வந்த ‘என்எம்இ’ என்ற பிரிட்டிஷ் இசை இதழ் 2015இல் இலவச இதழாக மாறியது, 2018 மார்ச்சில் அச்சை நிறுத்தியது, 2023இல் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்று அச்சுக்கே திரும்பியது. 1986 முதல் வந்த ‘கியூ’ என்ற இன்னொரு பிரிட்டிஷ் இசை இதழ் 2020இல் நின்றது. அட்டை மட்டும் எல்லாரிடமும் பிழைத்திருக்கிறது, ஏனென்றால் இணையத்திலேயே வெளிவரும் பேட்டிக்கும் அட்டை மாதிரி ஒரு படம் செய்து இன்ஸ்டகிராமில் போடுகிறார்கள், பாடகர்களும் ‘நான் அட்டையில் வந்தேன்’ என்று பகிர்கிறார்கள். ஆனால் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு கட்டைவிரலால் தள்ளுகிறவர் கண்ணில் பட வேண்டும் என்பதால் அட்டை வரிகள் குறைகின்றன, முகம் பெரிதாகிறது, பார்கோடு காணாமல் போகிறது. இடது ஓரத்துக்கும் இனி மதிப்பில்லை, தொங்கவிடக் கடை இல்லையே.

பழைய அட்டைகளைத் தொட்டுப் பார்க்க ஆசை இருந்தால் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பழைய புத்தகக் கடைகளில் ஒரு மதியம் துழாவுங்கள். புதியவற்றுக்குக் காசு கொடுக்கவே வேண்டாம், தேசிய நூலக வாரிய உறுப்பினராக இருந்தால் மின்னிதழ்களாகக் கைப்பேசியிலேயே புரட்டலாம். ஈசூன் தம்பிக்கும் இதேதான், ஒப்படைப்புக்கு முன்னால் ஒரே வகைப் பத்திரிகையின் பல இதழ்களை வரிசையாகப் பார்த்துவிடுங்கள்.