கலிஃபோர்னியப் பள்ளி மாவட்டங்களில் ஏன் பற்றாக்குறை, அதற்கு வழி என்ன?

சாதாரண வீடே பத்துப் பதினைந்து லட்சம் டாலருக்கு விலைபோகும் கலிஃபோர்னிய ஊர்களில்கூட, அந்தந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகளான பள்ளி மாவட்டங்கள் ஏன் பணமில்லை என்கின்றன, அதைச் சரிசெய்ய வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பிள்ளைகளை இங்கே அரசுப் பள்ளியில் படிக்க வைத்தவன், எங்கள் மாவட்டத்தின் வரவுசெலவு ஆலோசனைக் குழுவில் இரண்டாண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

வீட்டு விலைக்கும் பள்ளியின் வருமானத்துக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நினைப்பதுதான் முதல் பிழை. 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவின்படி, சொத்து வரி மதிப்பீட்டில் ஒரு விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வீடு கைமாறும்வரை அந்த மதிப்பீடும் ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஏறக்கூடாது. அதோடு, 2013இல் வந்த நிதிப்பகிர்வு முறையில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மாணவர் கணக்கில் ஒரு தொகை வகுக்கப்படுகிறது. உள்ளூர்ச் சொத்து வரி கூடினால் மாநில அரசு தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். பாலோ ஆல்டோ போல, வகுத்த தொகையைவிடச் சொத்து வரியே அதிகமாக வரும் சில மாவட்டங்களுக்கு மட்டுமே அந்த உபரி மிஞ்சும்.

இங்கே மாணவர் கணக்கு என்பது சேர்க்கை எண்ணிக்கை அன்று, சராசரி தினசரி வருகை. பிள்ளை காய்ச்சலில் படுத்தாலும் பணம் குறையும். (நம்மவர்கள் ஒரு மாதம் சென்னைக்குப் போகும்போது, கிளம்பும் முன்பே பள்ளி அலுவலகத்தில் வீட்டிலிருந்து படிப்பதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, கொடுத்த பாடங்களைப் பிள்ளை முடித்துவிட்டால், அந்த நாள்களை வருகையாகக் கணக்கிட வழி உண்டு, இதை எங்கள் குழுவிலேயே பலர் அறிந்திருக்கவில்லை.) பிறப்பு விகிதம் சரிந்ததாலும் வாடகை தாங்காமல் இளங்குடும்பங்கள் வெளியேறுவதாலும், பத்தாண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 62 லட்சமாக இருந்த மாநிலத்தின் மாணவர் எண்ணிக்கை 58 லட்சமாகிவிட்டது.

மாணவர் குறைந்தால் செலவும் குறையத்தானே வேண்டும் என்று நானும் வாதிட்டேன். குழுவில் இருந்த கணக்கு அதிகாரி ஒரு தாளில் போட்டுக் காட்டினார்: ஒரு தொடக்கப் பள்ளியில் இருபது வகுப்புகளிலிருந்து வகுப்புக்கு மூன்று பிள்ளைகள் போனால் அறுபது பேருக்கான பணம் போய்விடுகிறது, ஆனால் இருபது ஆசிரியரும் ஒரு தலைமையாசிரியரும் அதே மின்கட்டணமும் அப்படியே இருக்கின்றன. செலவில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் சம்பளமும் சலுகைகளும்தான். ஆசிரியர் ஓய்வூதிய நிதிக்கு மாவட்டம் கட்டும் பங்கு 2013-14இல் சம்பளத்தில் 8.25 விழுக்காடாக இருந்து இன்று 19.1 விழுக்காடாக உயர்ந்துள்ளது. பெருந்தொற்றுக் காலத்தில் நாடு முழுவதற்கும் நடுவண் அரசு கொடுத்த ஏறக்குறைய 19,000 கோடி டாலர் இந்த ஓட்டையை மறைத்திருந்தது. அந்த ஒருமுறைப் பணத்தில் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கிய மாவட்டங்கள், 2024 செப்டம்பரில் அதன் கெடு முடிந்ததும் திணறிப்போயின.

தீர்வுகளில் முதலில் ஒன்றை விலக்கிவிடுகிறேன். புதிய கட்டடம் எழும்பும்போதே ஆசிரியருக்கு மார்ச் 15க்குள் பணிநீக்க அறிவிப்புப் போவதைக் கண்டு பெற்றோர் கொதிக்கிறார்கள். ஆனால் கட்டடத்துக்காக வாக்காளர் ஒப்புக்கொண்ட கடன்பத்திரப் பணத்தைச் சம்பளத்துக்கு எடுக்கச் சட்டம் இடந்தராது. சம்பளத்துக்கு உதவக்கூடியது மனைக்கு இவ்வளவு என்று விதிக்கும் பார்சல் வரி. ஆனால் மாவட்டமே அதை முன்மொழிந்தால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

பள்ளிகளை மூடி இணைப்பதுதான் எல்லோருக்கும் கசப்பானது. என் மகளின் பள்ளி பட்டியலில் வந்தபோது நானும் பதாகை பிடித்தேன். பிள்ளைகளோடு ஆசிரியர்களும் இடம் மாறுவதால், மிச்சமாவது பெரும்பாலும் தலைமையாசிரியர், அலுவலகம், பராமரிப்பு ஆகிய செலவுகள்தாம். மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களை நம்ப வேண்டாம். ஆயினும் பாதி காலியான பள்ளிகளை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால், நூலகர், ஆலோசகர், இசை ஆசிரியர் என்று எல்லாப் பள்ளிகளிலும் ஒவ்வொருவராக இழப்போம் என்பதால், இப்போது நான் இணைப்பை ஆதரிக்கிறேன். மூன்றாண்டு முன்னறிவிப்போடு செய்ய வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை. பற்றாக்குறையைச் சரிசெய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓக்லாந்துப் பள்ளி மாவட்டம் சான்று: 2003இல் மாநிலத்திடம் 10 கோடி டாலர் வரை கடன் பெறும் நிலை வந்து, முடிவெடுக்கும் அதிகாரமே மாவட்டத்தை நிர்வகிக்கும் உள்ளூர்ப் பள்ளி வாரியத்தின் கையைவிட்டுப் போனது.

உங்கள் மாவட்டத்தின் நிலை தெரிய வேண்டுமானால், வாரியம் டிசம்பரிலும் மார்ச்சிலும் ஏற்கும் இடைக்கால நிதி அறிக்கைகளில், இந்த ஆண்டோடு சேர்த்து மூன்றாம் ஆண்டுக்கான கணிப்பை முதலில் பாருங்கள். அதில் கையிருப்பு சட்டம் கேட்கும் அளவுக்குக் கீழே போயிருந்தால், அடுத்த கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்துக்கு உங்கள் பெயரைப் பதிவு செய்யுங்கள்.