தமிழ் எண் ௧, ௨-க்குப் பதிலாக க, உ என்று எழுத்தையே தட்டச்சினால் என்ன குறை?

பழைய கணக்கு எதையோ கணினியில் ஏற்றத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தயவுசெய்து எழுத்தைப் போடாதீர்கள். எங்கள் வீட்டுக் கொப்பி ஒன்று அப்படித்தான் பாழானது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பூட்டனாருக்குப் புகையிலைத் தோட்டம். கன்று, கூலி, எரு எல்லாவற்றையும் தமிழ் இலக்கத்திலேயே குறித்து வைத்திருந்தார். தட்டச்சுக்குக் கொடுத்த கடையில், ௩௱௪௰௫ கன்று என்று இருந்ததை 'ஙளசயரு கன்று' என்று அடித்துத் தந்துவிட்டார்கள். அது 345. கனடாவிலிருக்கும் சொந்தக்காரர் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, இது என்ன சாதிக் கன்று என்று கேட்டார். ௨ என்ற இலக்கத்தைத் தேட 'உ' போட்டால் உரம், உழவு, உப்பு எல்லாம் வந்து நிற்கும்.

கணினிக்கு க வேறு, ௧ வேறு. யுனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் கணினி எண் கொடுக்கும் பொதுப் பட்டியலில், ௧ இலக்கமாகவே பதிவாகியிருக்கிறது. பைதான் என்ற நிரல்மொழியில் ௧௨ என்பதை எண்ணாக மாற்றச் சொன்னால் 12 வரும். 'கஉ' கொடுத்தால் பிழை காட்டும். ௰ (பத்து), ௱ (நூறு), ௲ (ஆயிரம்) மூன்றுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் அப்படி நேரே மாறாது.

அதற்காகப் பழைய கணக்கை ௩௪௫ என்று திருத்தி எழுதாதீர்கள். பழைய முறையில் பத்துக்கும் நூறுக்கும் தனிக் குறிதான், பூச்சியம் கிடையாது; யுனிகோடிலும் ௦ வந்தது 2005-ல்தான். இன்று புதிதாக எழுதுபவர் ௦ போட்டால் எனக்கு ஆட்சேபனை இல்லை. வங்கியில் நானும் 1, 2, 3 தான் எழுதுகிறேன், ஆகவே பழமைவாதி என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். நான் சொல்வது பழையதைப் படியெடுப்பது பற்றி மட்டும்.

மா, காணி, முந்திரி போன்ற பின்னக் குறிகள் யுனிகோடில் 2019-ல் சேர்ந்தன. பல போன்களில் வெறும் கட்டமாகத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட் எழுத்துருவை நிறுவினால் சரி.

இன்னொன்றும் சொல்லியே ஆகவேண்டும். மூலக் கொப்பியை ஸ்கான் பண்ணித் தருகிறேன் என்று வாங்கிப்போன ஒருவர் இன்னும் திருப்பித் தரவில்லை. நன்றாகப் படித்த மனிதர். கேட்கும்போதெல்லாம் பத்திரமாக இருக்கிறது என்கிறார். எங்கள் பூட்டனாரின் கையெழுத்து அவர் அலுமாரியில் ஏன் பத்திரமாக இருக்கவேண்டும்? மூலம் கையில் இல்லாமல், இந்தக் 'க' எழுத்தா எண்ணா என்று வரிவரியாக ஊகித்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன். நீங்கள் முதலில் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள், அப்புறம் யாரிடமும் கொடுங்கள்.

விசைப்பலகையில் கிடைக்காவிட்டால் இங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்: ௦ ௧ ௨ ௩ ௪ ௫ ௬ ௭ ௮ ௯ ௰ ௱ ௲