இரண்டு வெள்ளைகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருவல்லிக்கேணித் தெருக்களைப் புற ஊதா ஒளியில் படம் எடுத்ததைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்கும் கை பரபரத்தது. பெரியப்பா தன் ஸ்டுடியோவை மூடியபோது என்லார்ஜரிலிருந்து (நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் கருவி) கழற்றி வைத்த 80 மி.மீ. எல்-நிக்கார் லென்ஸ் எங்கள் வீட்டில் இருந்தது. பழைய மிரர்லெஸ் கேமரா ஒன்றை, புற ஊதாவும் அகச்சிவப்பும் சென்சாருக்குப் போகும்படி, ஃபுல் ஸ்பெக்ட்ரமாக மாற்றிக்கொண்டேன். இசட்.டபிள்யூ.பி.2 என்ற கறுப்புக் கண்ணாடி ஃபில்டரை ஆன்லைனில் வாங்கினேன்.

எங்கள் தெரு வேப்பமரம் பஞ்சு போல வெள்ளையாக வருகிறது. அது சரிதானா? மலைக்கோட்டை உச்சியிலிருந்து எடுத்தால் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் இருக்கும் இடமே தெரியவில்லை, வெறும் வெண்மை. மாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) கூட்டிப் பார்த்தேன், படம் கெட்டதுதான் மிச்சம். ‘இப்படி ஒரு தோற்றத்தை போன் ஆப்பிலேயே கொண்டுவரலாமே, எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?’ என்கிறான் தம்பி. அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் வேப்பமரம். புற ஊதாவில் இலை வெள்ளையாக வரவே வராது. இலை அந்த ஒளியை விழுங்கிவிடும், கிட்டத்தட்ட கறுப்பாகத்தான் பதியும். பஞ்சு போல வந்திருக்கிறது என்றால் அந்த மரத்தை எழுதியது அகச்சிவப்பு.

உங்கள் கறுப்புக் கண்ணாடி புற ஊதாவை விடுகிறது, அது உண்மை. ஆனால் 700 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அந்தப் பக்கம் அகச்சிவப்பையும் கொஞ்சம் கசியவிடுகிறது. கொஞ்சம்தானே என்று விட முடியாது. சென்சாரில் இருக்கும் சிலிக்கனுக்கு அகச்சிவப்பு நன்றாகத் தெரியும், புற ஊதா மங்கலாகத்தான் தெரியும். வெயிலிலேயே புற ஊதாவின் பங்கு சிறியது. அதிலும் ஒரு பகுதியை லென்ஸ் எடுத்துக்கொள்கிறது. எனவே துளிக் கசிவு போதும், இலை போல அகச்சிவப்பை வாரித் திருப்பி அனுப்பும் பொருளை அதுவே எழுதிவிடும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. 720 நானோமீட்டர் அகச்சிவப்பு ஃபில்டர் ஒன்றை உங்கள் கறுப்பு ஃபில்டரின் மேல் வைத்து, அதே எக்ஸ்போஷரில் ஒரு படம் எடுங்கள். படம் முழுக் கறுப்பாக வர வேண்டும். மரம் தெரிந்தால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். அதை அடைக்க பி.ஜி.39 வகை நீலப்பச்சைக் கண்ணாடி ஒன்றைக் கூடவே அடுக்க வேண்டும். எஸ் 8612 கிடைத்தால் இன்னும் நல்லது, புற ஊதாவைத் தாராளமாக விட்டு அகச்சிவப்பை இறுக்கமாக மறிக்கும். விலை கூடுதல்தான். வெள்ளிக் கிரகத்தின் மேகங்களைப் படம் எடுப்பதற்கென்று செய்த பாடர் யு ஃபில்டர் இரண்டு வேலையையும் தனியாகவே பார்த்துவிடும். ஆனால் இப்போதே அந்தச் செலவு வேண்டாம். அப்புறம், கேமராக் கடையில் ‘யுவி ஃபில்டர்’ என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள். அது புற ஊதாவைத் தடுக்கிற கண்ணாடி, நமக்கு நேர் எதிரி.

லென்ஸ் விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர். இன்றைய லென்ஸ்களில் பத்துப் பதினைந்து கண்ணாடிகளும் அடுக்கடுக்கான பூச்சுகளும் இருக்கும். புற ஊதா அதற்குள்ளேயே தீர்ந்துபோகும். நிக்கான் இதற்கென்றே குவார்ட்ஸும் ஃப்ளோரைட்டும் வைத்துச் செய்த 105 மி.மீ. யுவி-நிக்கார் இருக்கிறது, நம் கைக்கு எட்டாத விலை. பெரியப்பாவின் லென்ஸ் பழைய உலோக உடல் கொண்ட எஃப்/5.6 என்றால், அது இந்த வேலையில் பெயர் பெற்ற லென்ஸ். என்லார்ஜர் லென்ஸுக்கு ஃபோகஸ் வளையம் கிடையாது, எனவே லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும் ஹெலிகாய்டு என்ற திருகு வளையம் ஒன்று வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஃபோகஸ் செய்துவிட்டு ஃபில்டரை மாட்டினால் கூர்மை நழுவும். ஃபில்டரை மாட்டியபடியே, ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி, திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள். நான் எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 800, அரை விநாடி என்று தொடங்குவேன். முக்காலி கட்டாயம். காலை பத்தரையிலிருந்து மதியம் இரண்டரை வரைதான் நமக்கு நேரம். சூரியன் சாய்ந்தால் புற ஊதாதான் முதலில் தேய்ந்துபோகும்.

இனி, காணாமல் போன ராஜகோபுரம். கசிவை அடைத்த பிறகும் அது காணாமல்தான் போகும், அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. அலைநீளம் குறையக் குறைய காற்று ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும், அதுவும் நான்காம் அடுக்கில். பச்சை ஒளி 550 நானோமீட்டர், நம்முடையது 350 என்று வைத்துக்கொண்டால் ஆறு மடங்கு. மலைக்கோட்டைக்கும் ராஜகோபுரத்துக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர் காற்று நிற்கிறது. கண்ணுக்கு அது வெறும் இடைவெளி. உங்கள் கேமராவுக்கு அது ஒளிரும் திரை.

இதை முதலில் படமாக்கிக் காட்டியவர் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர். குவார்ட்ஸ் லென்ஸின் மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு பூசினார். வெள்ளி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் திருப்பி அனுப்பிவிட்டு 320 நானோமீட்டரை ஒட்டிய சிறு ஜன்னலை மட்டும் திறந்துவைக்கும். 1910இல் அவர் காட்டிய படங்களில் ஒன்றில், நல்ல வெயிலில் சாலையில் நிற்கும் மனிதருக்கு நிழலே இல்லை என்று சொல்லிவிடலாம். நிழல் விழ வேண்டிய இடத்தையும் வானத்தின் ஒளி நிரப்பிவிடுகிறது. வெள்ளைப் பூக்கள் இருண்டு கிடந்தன. துத்தநாக ஆக்சைடு வெள்ளை, கரி போல வந்தது. நாம் 350க்கு மேல் வேலை செய்வதால் நிழல் முழுதாக அழியாது, ஆனால் மெலிந்துவிடும். அதனால்தான் சொல்கிறேன், மாறுபாட்டைக் கூட்டாதீர்கள். அங்கே கோபுரத்தை எடுக்கப் போனீர்கள், காற்று படத்தில் விழுந்துவிட்டது. அதைத் துடைத்தால் வேறு என்ன இருக்கிறது? அதே இடத்திலிருந்து சாதாரணப் படம் ஒன்றையும் புற ஊதாப் படம் ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தெப்பக்குளம் பக்கத்து மாடிகள் தெளிவாக இருக்கும், அடுத்த வரிசை மங்கும், காவிரிக்கு அந்தப் பக்கம் கரைந்துபோகும்.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நான் இந்த வேலையை விடாமல் செய்வதற்குக் காரணம் ஒரு சுவர்.

திருவல்லிக்கேணியில் ஒரு சந்தில் பழைய வீடு. தெருப்பக்கச் சுவரில் பாதி சுண்ணாம்பு அடித்தது, நீர் வடிந்து, காரை பெயர்ந்த இடங்களோடு. மீதிப் பாதியைப் பூசிச் சரிசெய்து வெள்ளை எமல்ஷன் அடித்திருந்தார்கள். புதிய பாதி பளிச்சென்று இருந்தது, பழையது அதன் பக்கத்தில் பழுப்பேறித் தெரிந்தது. புற ஊதாவில் எடுத்தபோது எல்லாம் தலைகீழ். பழைய பாதி ஒளிர்ந்தது. புதிய வெள்ளை, தார் பூசியது போல் கறுத்து நின்றது. நடுவில் கத்தியால் வெட்டிய மாதிரி கோடு. கோட்டை ஒட்டி மேஸ்திரி தூரிகையை அழுத்தித் தேய்த்த இழுப்புகள்கூடத் தெரிந்தன.

பெயிண்டின் வெண்மைக்குக் காரணம் டைட்டானியம் டை ஆக்சைடு. அது புற ஊதாவை உறிஞ்சிவிடும். சுண்ணாம்பு உலர்ந்தால் கால்சியம் கார்பனேட், அது திருப்பி அனுப்பும். கண்ணுக்கு இரண்டும் வெள்ளை, ஒளிக்கு இரண்டும் வேறு பொருள். ஓவியங்களைப் பழுதுபார்ப்பவர்கள் இதே முறையில்தான் பழைய ஈய வெள்ளையையும் பின்னால் பூசிய டைட்டானியம் வெள்ளையையும் பிரித்தறிகிறார்கள். எந்த ஆப்பாலும் இதைச் செய்ய முடியாது. சாதாரணப் படத்தில் இரண்டு வெள்ளைக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் பதிவாகியிருக்கும். இல்லாத தகவலை எங்கிருந்து கொண்டுவருவது? தம்பியை அந்த ஃபில்டர் வழியாகத் தன் வெள்ளை பைக்கை ஒரு படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதே சந்தில் திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர் படம் எடுக்கச் சம்மதித்தார். அரை விநாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அவருடைய நிறமற்ற மூக்குக்கண்ணாடி, கறுப்புக் கூலிங்கிளாஸ் போல விழுந்தது. பிளாஸ்டிக் வில்லைகள் புற ஊதாவை மறிப்பவை. படத்தைக் காட்டினேன். தன் கண்ணாடியைக் கழற்றி வெயிலில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்ப இது இத்தனை நாளா வேலை செஞ்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கு” என்றார்.

வண்ணத்தைப் பற்றி ஒன்று. பிளம்பர் குழாய் மறையில் சுற்றும் டெஃப்ளான் டேப்பைப் பல மடிப்பாக மடித்து வெயிலில் வைத்து, அதையே வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டி ஒயிட் பேலன்ஸ் செய்தால் மஞ்சளும் ஊதாநீலமும் வரும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதைத் ‘தேனீ பார்க்கும் நகரம்’ என்று போடாதீர்கள். தேனீ புற ஊதாவோடு நீலத்தையும் பச்சையையும் சேர்த்துப் பார்க்கிறது, நம் ஃபில்டர் புற ஊதாவை மட்டும்தான் விடுகிறது. நான் கறுப்பு வெள்ளையாகவே வைத்துக்கொள்கிறேன். பொருளைப் பற்றி அது சொல்வதை வண்ணம் மறைத்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

கசிவை அடைத்த பிறகு, நீங்கள் எடுக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது ஸ்ரீரங்கத்துக் கிழக்குப் பக்கத்து வெள்ளைக் கோபுரத்தை. மலைக்கோட்டையிலிருந்து வேண்டாம், தெருவில் நின்று, உச்சி வெயிலில். எந்த நிலையில் எந்த வெள்ளை இருக்கிறது என்று பார்ப்போம். எடுத்ததும் ரா ஃபைலை (கேமரா பதிந்த மூலக்கோப்பு) அப்படியே அனுப்புங்கள், எதையும் கூட்டவும் குறைக்கவும் வேண்டாம்.